ஓரம் பிரியாத சதுரம்

இன்று மதியம் கேன்டீனில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தாள். 'கம்பளி நூல், கம்பளி நூலால் செய்த பொருள் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது' என்று அதில் இருக்கிறது. "ஒரகடத்து வெயில்ல யாரு அக்கா ஸ்வெட்டர் போட்டுகினு வந்தது?" என்று என்னைக் கேட்டாள். எட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகளெல்லாம் என்னிடம்தான் வரும். "யாரோ, எப்பவோ" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவினேன்.

அந்த யாரோ நீதான். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுதவேண்டும் என்று இன்றைக்குத் தோன்றியதற்கு அவள் சிரிப்பைத் தவிர வேறு காரணம் இல்லை. அழுது எழுதுகிற கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அது வராது என்பது உனக்கே தெரியும். "கண்ணுக்குப் பதிலா ஒனக்கு ரெண்டு டியூப் லைட்ட வச்சிப் படைச்சிருக்காம்ட்டி கடவுள்" என்று நீ சொல்வாய்.

டியூப் லைட்டுக்கு அடியில்தான் என் வேலை. நம் கம்பெனியில் காரின் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். நீ பெயின்டுக்கு முன்னால் நின்றாய், நான் பெயின்டுக்குப் பின்னால் நிற்கிறேன். பசைத்துணியால் பம்பரில் ஒரு தூசி இல்லாமல் துடைத்து நீ உள்ளே அனுப்புவாய். அது அடுப்பில் வெந்து வெளியே வந்ததும் நான் விளக்கு வரிசைக்கு அடியில் வைத்துப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு அம்பு ஒட்டுவேன். பெயின்டுக்குள் ஒரு மயிரிழை மாட்டியிருந்தாலும் அந்தப் பம்பர் திரும்பிப் போகவேண்டியதுதான்.

வேலை முடிந்தாலும் உன்னை விட்டுத் தப்ப முடியாது. மண்ணூரில் எங்கள் வீட்டு மாடியறையில், இன்னும் மூன்று பெண்களோடு நீ குடியிருந்தாய். தென்காசிப் பக்கத்துக்காரி, பத்து வயதிலிருந்து பீடி சுற்றியவள். மூன்று வருஷப் பயிற்சி ஒப்பந்தத்தில் வந்திருந்தாய். ஒப்பந்தம் முடியும்போது கம்பெனி சிலரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் பெட்டி கட்டவேண்டும். உனக்கு ஊர் பிடிக்காமல் இல்லை. பீடித் தட்டுதான் பிடிக்கவில்லை. "செத்தாலும் அந்தத் தட்ட மறுபடி மடியில வைக்க மாட்டம்ட்டி" என்று வந்த முதல் மாதமே சொன்னாய். அந்த 'ட்டி'யைக் கேட்டு நான் முறைத்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஒரே வயது என்று தெரிந்தபிறகு முறைப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் டொக் டொக் என்று சத்தம். "இன்னாம்மா, சொவுத்துல ஆணி அடிக்கிறீங்களா?" என்று அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். சுவரில் ஆணி அடிப்பது எங்கள் வீட்டில் கொலைக்குற்றம். விசாரிக்க நான் ஏறிவந்தேன். கம்பெனியில் கழித்துப் போட்ட மரப்பெட்டியின் சட்டங்களை உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாகக் கூட்டி, நாலு பக்கமும் செருப்பு தைப்பவர் வைத்திருக்கும் பொடி ஆணிகளை வரிசையாக அடித்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

"தறிட்டி. போன்ல பாத்தேன். வெளிநாட்டுக்காரி ஒருத்தி இத மடியில வச்சிக்கிட்டு, பண்டிகைக்குப் பண்டிகை மேசைக்கு அலங்காரம் செஞ்சி வைக்கா. இம்புட்டுதான் மொத்தத் தறியும்."

"உன்கிட்ட மேசை எங்க கீது?"

"ஒங்க வீட்டுல சும்மாதான கெடக்கு."

கிடந்தது உண்மைதான். எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஹெல்மெட், கரண்ட் பில், அப்பாவின் மாத்திரை டப்பா, மூடி தொலைந்த பேனாக்கள், இவைதான் அதன்மேல் குடியிருந்தன.

நீ நெய்வதை நான் வேலை பார்க்கிற கண்ணோடுதான் பார்த்தேன். நூலை ஆணிகளில் மாட்டி முதலில் மேலும் கீழுமாக ஒரு சுற்று. அதன்மேல் குறுக்காக ஒரு சுற்று. மறுபடி மேலும் கீழுமாக ஒன்று. நாலாவது சுற்றுக்கு நீள ஊசியை எடுத்து, ஒரு இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று நுழைத்துக்கொண்டே போவாய். அதுவரை வெறும் நூல் குவியலாக இருந்தது அப்போது துணியாகிவிடும். நாலு பக்கமும் நெம்பி எடுத்தால் கையில் ஒரு சதுரம். பீடி சுற்றிய விரலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நான் ஒரு சதுரம் முடிப்பதற்குள் நீ நாலு முடித்தாய். என் சதுரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சப்பாத்தி நல்லாருக்கு" என்றாய். நான் அதோடு விட்டுவிட்டேன்.

சதுரத்தை அப்படியே வைக்கமாட்டாய். மடித்து, ஓரத்தில் நூல் ஓட்டிச் சுருக்கி, உள்ளே பஞ்சை அடைத்து எதையாவது பிறக்க வைப்பாய். பொங்கலுக்கு வெள்ளை நுரை வழியும் பானை. சித்திரைக்கு மாம்பழமும் ஒரு கொத்து வேப்பம்பூவும். கார்த்திகைக்கு அகல் விளக்கு, மார்கழியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். முதல் பானை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சொன்னேன். "வீட்டுலயும் அம்ப ஒட்டிராத" என்றாய். அம்மா முதலில், "இத்த வேற தொடைக்கணுமா?" என்று சலித்துக்கொண்டாள். அடுத்த பண்டிகைக்கு அவளாகவே ஹெல்மெட்டை எடுத்துச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள்.

நீ வந்த மூன்றாவது கார்த்திகைக்கு ஒரு விளக்கைக் கேன்டீன் மேசையில் வைத்துவிட்டு வந்தாய். எச்.ஆர். மேடம் அதைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று விசாரித்தார். அடுத்த ஆயுத பூஜைக்குக் கேன்டீனில் இருக்கும் பதினாறு மேசைக்கும் நீயே செய்துதரவேண்டும் என்று சொல்லி, உன் பெயரையும் டோக்கன் நம்பரையும் எழுதிக்கொண்டார். உன் ஒப்பந்தமும் அந்த ஆயுத பூஜையை ஒட்டித்தான் முடிந்தது. யாரை நிரந்தரமாக எடுப்பது என்கிற பட்டியல் அந்த மேடத்தின் கையில்தான் தயாராகும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். நீ சாமிக்கு நேர்ந்துகொண்டாயா என்று தெரியாது. நெய்துகொண்டாய்.

ஆடியில் ஆரம்பித்தாய். கம்பெனி பஸ்ஸிலும் மடியில் அந்தச் சட்டம்தான். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வெள்ளைப் பூசணி, அதன் தலையில் குங்குமம் வைத்ததுபோல ஒரு சிவப்புச் சதுரம், சுற்றிலும் மஞ்சள் சாமந்தி வளையம். ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் அந்த மஞ்சள் நூல் மொத்தமும் உன்னால் தீர்ந்துபோய், பூந்தமல்லியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். பெயின்ட் கம்பெனிக்குள் கம்பளி நூலா என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கேன்டீன் தனிக் கட்டடம். பெயின்ட் அறைக்குள் போகும்போது உடுப்பு மாற்றி, மேலெல்லாம் காற்றடித்துத்தான் விடுகிறார்கள்.

பூஜையன்று காலையில், வழக்கம்போல நான் மஞ்சள் துணியைக் கிழித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். அதில் ஒரு காசை முடிந்து மிஷினில் கட்டுவார்கள். மாலையில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடவேண்டும் என்பது கம்பெனி விதி. மதியம் கேன்டீனில் உன் பூசணிகளைப் பார்த்த கூட்டம், சர்க்கரைப் பொங்கலை ஆறவிட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டது. மேடம் உன் தோளில் கைவைத்துக்கொண்டு ஒரு படம். நான் சந்தோஷப்பட்டேன். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. பூசணிக் காம்பு கொஞ்சம் நீளம் என்றுதான் சொன்னேன்.

விடுமுறை கழிந்து லைன் ஓடத் தொடங்கிய அன்றே வெள்ளைப் பம்பர்களில் நார் வந்தது. மஞ்சள் நார். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, மறுநாள் நான் ஒட்டிய சிவப்பு அம்புகளால் கழிவு ரேக்கே நிரம்பிவிட்டது. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என் பக்கத்திலேயே நின்றார். "எங்கருந்து வருதுன்னு நாளைக்குக் காலைல எனக்கு ரிப்போர்ட் வேணும்மா. தெரிஞ்ச பொண்ணு, தெரியாத பொண்ணுன்னு பாக்காதீங்க" என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ. எனக்குச் சுருக்கென்றது. கேன்டீனுக்குப் போய் ஒரு சாமந்தியிலிருந்து ஓர் இழையைப் பிய்த்துவந்து, பம்பரிலிருந்து எடுத்த நாரையும் அதையும் ஓர் அட்டையில் பக்கம் பக்கமாக டேப் போட்டு ஒட்டினேன். ஒரே மஞ்சள்.

அன்று சாயங்காலம் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன். மற்ற மூவரும் கடைக்குப் போயிருந்தார்கள். நீ ஜன்னலோரம் அட்டையைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாய்.

"நெறம் ஒண்ணுதான். ஆனா இது எம் நூலு இல்லட்டி."

"எப்டி சொல்ற?"

அலமாரியிலிருந்து ஒரு சதுரத்தை எடுத்து என் கையில் வைத்தாய். "இத நல்லாப் பாரு. சட்டத்துலேருந்து எடுத்ததுல வெட்டுன ஓரம்னு ஒண்ணு இருக்கா? நூலு போயி ஆணியில திரும்பி வருது, போயித் திரும்பி வருது. நாலு பக்கமும் மூடுன ஓரம். எங்கேருந்து பிரிஞ்சி வரும்? பிரிஞ்சி வரணும்னா கிழிச்ச துணியாத்தான் இருக்கும்."

"பஞ்சு பறக்கும்ல. கம்பளி நூல்தானே?"

"ஒங்க லேப்ல அந்தப் பெரிய கண்ணாடி இருக்குல்லா, மைக்ராஸ்கோப்பு. அதுல ரெண்டையும் ஒருக்க வச்சிப் பாத்துட்டு எழுதேன்." நீ கெஞ்சவில்லை. பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பாக்காம மட்டும் எழுதாதட்டி" என்றாய், அவ்வளவுதான்.

லேப் என் இடத்திலிருந்து ஐம்பது அடி தூரம். காலையில் நான் அங்கே போகவில்லை. அதற்கான காரணத்தை இத்தனை நாளில் பலவிதமாக மாற்றி மாற்றி எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். நேரமில்லை என்பது பொய். நீ என் சிநேகிதி என்பதால்தான் அவசரப்பட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். முகம் தெரியாத ஒருத்தி செய்த பூவாக இருந்தால், ஆற அமர லேப்புக்குப் போய்ப் பார்த்திருப்பேன். 'கேன்டீன் மேசை அலங்காரத்தின் கம்பளி நார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியத்துக்குள் பதினாறு பூசணிகளையும் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார்கள். மறுநாள் லைனில் ஒரு நார்கூட இல்லை. என் ரிப்போர்ட் சரி என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு? சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கே பட்டியலும் வந்தது. அதில் உன் பெயர் இல்லை. உன் பெயர் முன்பு அதில் இருந்ததா என்று மேடத்தைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இருந்தது என்று அவரே கேன்டீனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தை வாங்கிக்கொண்டாய். தறிச் சட்டத்தைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தாய். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரை என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாய். பஸ் வந்ததும், "சரிட்டி, வாரேன்" என்று ஏறிக்கொண்டாய். எல்லா நாளும் ஷிஃப்டுக்குப் போகும்போது சொல்கிற அதே குரல்.

ஒரு மாதம் கழித்து, பம்பர்களை நகர்த்திப்போகும் சங்கிலியின் மோட்டாருக்கு கிரீஸ் வைக்க மூடியைக் கழற்றினார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டார்கள். மோட்டார், லைனுக்கு நேர் மேலே இருக்கிறது. மூடிக்குள்ளே ஒரு மஞ்சள் துணி தொங்கியது. காசு முடிந்த முடிச்சும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஒரு பக்கம் மட்டும் எலி கடித்ததுபோலக் குதறிப்போயிருந்தது. சுழலும் தண்டு தன் கைக்கு எட்டியவரை நார்நாராகத் தேய்த்துக் கீழே தள்ளியிருக்கிறது. எட்டியது தீர்ந்ததும் நார் விழுவதும் நின்றிருக்கிறது. உன் பூசணிகளைக் குப்பையில் போட்டதும் அந்த நாள்தான்.

"அட, பூஜைத் துணி. அவுக்க மறந்துட்டோம்" என்றார் மெயின்டனன்ஸ்காரர். அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவர் அதைக் குப்பையில் போட்டதும் நான் எடுத்துக்கொண்டேன். என் கையால் கிழித்துக் கொடுத்த துணி. நாலு பக்கமும் கிழித்த ஓரம்.

ஐம்பது அடி நடந்து லேப்புக்குப் போனேன். பழைய அட்டையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். பம்பர் நார் தட்டையாக, முறுக்கிவிட்ட ரிப்பன்போல இருந்தது. பருத்தி. பக்கத்தில் உன் நூல், கம்பளி என்ற பேரில் கடையில் விற்கிற செயற்கை இழை, முறுக்கே இல்லாமல், வழவழவென்று நேராக ஓடியது. அதைக் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டராக இருக்கவேண்டியதில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குமுன் எதற்கும் அப்படி வெட்கப்பட்டதாக நினைவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி! இப்பந்தான் எம் நம்பரு ஞாபகம் வந்துதாக்கும்?" உனக்குப் பின்னால் கத்தரியின் சத்தம் கேட்டது. யாரோ பீடி இலை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் ரிப்போர்ட் படிப்பதுபோல எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். மோட்டார், துணி, மைக்ராஸ்கோப். நான் சொல்லி முடித்தபோது கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. வெட்டிக்கொண்டிருந்தது நீதான்.

"அப்ப எம் பூவுல தப்பு இல்ல."

"இல்ல."

"நான் சொன்னேம்லா." கோபமாகச் சொல்லவில்லை. உன் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பிறகு, "யாருகிட்டயாவது சொல்லிட்டியா?" என்று கேட்டாய்.

"இன்னும் இல்ல. நாளைக்கு சூப்பர்வைசர் கிட்ட..."

"சொல்லாத. எடம் போனது போனதுதான். அதுல இப்ப ஒரு புள்ள இருப்பால்லா? அவள எழுப்பி விட்டுட்டா என்னக் கூப்பிடப் போறாவ? துணியக் கிழிச்சது நீ, பாக்காம எழுதுனதும் நீ. ஒன் வேலையுந்தான் போவும். விட்டுரு. யாருகிட்டயும் சொல்லாத, கேட்டியா?" கத்தரி மறுபடி சத்தம் போடத் தொடங்கியது. "ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?"

கத்திரிக்காய்க் காரக்குழம்பு என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை, நிம்மதிதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீதான் கூப்பிட்டாய். பிறகு அதுவும் குறைந்தது. காய்ச்சல் என்று படுத்த ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய் என்பதை உன் தங்கை போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு முதல் ஷிஃப்ட். போனேன். இருநூற்றுச் சொச்சம் பம்பர் பார்த்தேன். எதிலும் கவனம் பிசகவில்லை. இப்போது நான் சீனியர் இன்ஸ்பெக்டர்.

நீ எனக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறாய். சிரித்துப் பேசு என்பாய், பாராட்ட வேண்டியதை வாய்விட்டுப் பாராட்டு என்பாய், நேரத்துக்குச் சாப்பிடு என்பாய். ஒன்றையும் நான் கேட்டதில்லை. கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது என்றாய், அதையும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றாய். உன் பேச்சில் அதை மட்டும், அந்த நிமிஷமே, மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டேன்.